பதினேழு பெயர்களுக்கு ஒரு பூட்டு

ஜூலை வந்தால் பத்தமடையில் எங்களுக்கு வேலை கூடிவிடும். 23-ஆம் தேதி தாமிரபரணிக் கரையில் அஞ்சலி. 1999-இல் அதே நாளில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்களின் விடுதலைக்காகவும் நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன பேரணியைப் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 உயிர்கள் போயின. ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் உண்டு. இந்த முறை சுவரொட்டி வேலைக்குக் கல்லூரித் தம்பி தங்கைகள் நிறைய பேர் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

நாங்கள் பயன்படுத்துவது இங்க்ஸ்கேப். 2003-இல் தொடங்கி, உலகெங்கும் ஆட்கள் சேர்ந்து வளர்க்கிற கட்டற்ற மென்பொருள். காசு இல்லை, திருட்டுப் பிரதியும் தேவையில்லை. அதில் வரைந்ததை ஏ4 நோட்டீசாகவும் அடிக்கலாம், பத்தடி பேனராகவும் அடிக்கலாம், ஓரம் பிசிறடிக்காது.

ஒரே கோப்பில் நாலைந்து பேர் கைவைப்போம். அதனால் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் போட்டுக் குழப்புவதில்லை. ஷிஃப்ட், கண்ட்ரோல், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லேயர் பட்டியல் வரும். அடியில் நீலப் பின்னணி, அதன்மேல் ஆறும் பாலமும், அதன்மேல் பேச்சாளர் படங்கள், அதற்கும் மேலே 17 பெயர்கள், உச்சியில் கோரிக்கையும் இடமும் நேரமும். ஒவ்வொன்றும் தனி லேயர். பாய் நெய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரியும்: பாவு நூலை இழுத்துக் கட்டிய பிறகுதானே கோரையைச் செருகுகிறார்கள்?

பெயர்களைத் தட்டச்சு செய்ததும் இரண்டு பேர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சத்தமாக வாசிப்பார்கள். அப்புறம் அந்த லேயருக்குப் பக்கத்திலுள்ள பூட்டுக் குறியை அழுத்திவிடுவோம். அதற்குப் பிறகு மவுஸ் பட்டாலும் பெயர் நகராது, அழியாது. கண்ட்ரோல், ஆல்ட், ஏ அழுத்தி எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாலும் பூட்டிய லேயர் அதில் சேராது.

ஆனால் பூட்டு மட்டும் போதாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன் வரும்: "அண்ணன் படத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்கப்பா." படம் பெரிதாகும். பெயர் அசையாமல் அங்கேயேதான் இருக்கும். படம் மேலே வந்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் படங்களின் லேயருக்கு மேலே பெயர்களை வைத்திருக்கிறோம். அடுக்கு என்ற சொல்லே நமக்குக் கசப்புதான். இந்த அடுக்கிலாவது செத்தவர்கள் மேலே இருக்கட்டும் என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்தோம். படம் பெரிதானால் பெயரின் மேல் இடிக்கும், பார்க்கச் சகிக்காது, அண்ணனே சிறிதாக்கச் சொல்வார்.

இன்னொன்று. இந்தப் பூட்டுக்குச் சாவியும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. யாரும் ஒரு சொடுக்கில் திறக்கலாம். கை தவறுவதைத்தான் அது தடுக்கும், மனசு வைத்துச் செய்வதைத் தடுக்காது. எனவே பெயர் லேயரைத் திறப்பவர் குழுவில் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும், திரும்பப் பூட்டும்போது இன்னொருவர் உடன் இருக்க வேண்டும்.

கண் குறியை அழுத்தி மறைத்த லேயர் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். திரையில் தெரியாவிட்டாலும் அது எஸ்.வி.ஜி. கோப்புக்குள் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தால் எல்லாம் தெரியும். நன்கொடை தந்தவர்களின் பெயர், தோழர்களின் போன் எண் என்று ஓரத்தில் குறித்து மறைத்து வைத்துவிட்டுக் கோப்பை வாட்ஸப்பில் சுற்றவிட்டால், அது யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மறைக்காதீர்கள், அழித்துவிடுங்கள்.

பிரஸ்ஸுக்குத் தருவதற்கு முன் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் பூட்டைத் திறந்து, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், கண்ட்ரோல், சி அழுத்துங்கள். எழுத்து கோடாக மாறிவிடும்; அங்கே நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் சிதறாது. பிறகு பிடிஎஃப். மூலக்கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும், அடுத்த ஆண்டுக்கு வேண்டும்.

அடுத்த ஆண்டும் மாறப்போவது உச்சி லேயர்தான். தோட்டத்தை விட்டு இறங்கச் சொல்லித் தொழிலாளர்களுக்கு 2024-இல் நெருக்கடி வந்த பிறகு, கூலி என்றிருந்த இடத்தில் வீடும் நிலமும் என்று எழுத வேண்டியதாகிவிட்டது. இந்த ஆண்டுக்கான வாசகம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். மடிக்கணினி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.