மாத்திரை இல்லாத ஏழு நாள்

மலச்சிக்கல் பற்றிய நீளமான த்ரெட் இது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள், சாப்பிட்டு முடித்துவிட்டு வாங்க.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடமாக மற்றவர்களின் மலச்சிக்கலுக்கு மருந்து எழுதுகிறேன். அதைவிட அதிக வருடமாக எனக்கே மலச்சிக்கல் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும். இன்றிலிருந்து உங்களுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. அங்கே கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் பாதி நாள் வராது. "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று அடக்கப் பழகினேன். பிறகு ஹாஸ்டல், ஹவுஸ் சர்ஜன் டூட்டி, ஓபி. எங்கேயும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். நாளடைவில் வருகிற உணர்வே மங்கிப்போகும். இதைப் படிக்கும் பெண்கள் பலருக்கு நான் சொல்வது புரியும்.

தினமும் போகவில்லை என்றாலே மலச்சிக்கல் என்று நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை சாதாரணம்தான். வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவு, முக்கி முக்கிப் போவது, ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகி வருவது, போன பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, சில சமயம் விரலால் எடுக்க வேண்டிய நிலை. இவையெல்லாம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது நாட்பட்ட மலச்சிக்கல். எனக்கு இதில் எல்லாமே உண்டு. ஆம், கடைசியாகச் சொன்னதும்.

இரவு ஒரு மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் அது இரண்டானது, பிறகு மூன்றானது. குடல் நோய் மருத்துவரான என் தோழியிடம் போனேன். தைராய்டு, கால்சியம், கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். "அப்போ ட்ரான்சிட் டெஸ்ட் பாத்துடலாம்டி" என்றாள்.

டெஸ்ட் எளிமையானது. ஒரு கேப்சூல் விழுங்க வேண்டும். அதற்குள் எக்ஸ்ரேயில் தெரியும் 24 குட்டி வளையங்கள் இருக்கும். ஐந்து நாள் கழித்து வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்து, எத்தனை வளையம் மிச்சம் என்று எண்ணுவார்கள். ஐந்து அல்லது அதற்கும் குறைவு என்றால் குடலின் வேகம் நார்மல். நிறைய மிச்சமிருந்து பெருங்குடல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் குடலே மெதுவாக நகர்கிறது. எல்லாம் கீழே, ஆசனவாய்க்கு அருகில் குவிந்திருந்தால் வாசலில்தான் சிக்கல் என்று சந்தேகப்படுவோம். சில இடங்களில் மூன்று நாள் மூன்று கேப்சூல் கொடுப்பார்கள். கணக்கு மாறும், நோக்கம் ஒன்றுதான்.

கஷ்டம் டெஸ்டில் இல்லை, அதற்குத் தயாராவதில் இருக்கிறது. எனக்குச் சொன்னது இதுதான். கேப்சூலுக்கு இரண்டு நாள் முன்பிருந்து எக்ஸ்ரே முடியும் வரை பேதி மருந்து கூடாது, எனிமா கூடாது. மொத்தம் ஏழு நாள். மாத்திரையோடு எடுத்தால் மாத்திரையின் வேகம்தான் தெரியும், குடலின் வேகம் தெரியாது.

அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது ஒரு பேஷண்ட் ஞாபகம் வந்தார். காய்கறி வியாபாரம் செய்யும் அம்மா. இதே டெஸ்டுக்கு நான்தான் அனுப்பிவைத்தேன். பாதியிலேயே மாத்திரை போட்டுவிட்டார், டெஸ்ட் வீணானது. "ஏம்மா, ஏழு நாள் பொறுக்க முடியலையா?" என்று ஓபியில் எல்லார் முன்னாடியும் கேட்டேன். "வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு டாக்டரம்மா, பயந்துட்டேன்" என்றார். என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை மாத்திரையை நிறுத்தினேன். திங்கள் காலை கேப்சூல். புதன்கிழமை வயிறு உப்பி, சேலைக் கட்டு இறுக்கி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. இரவு ஒரு மணிக்கு மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது? குடல் அடைத்துக்கொள்ளுமோ, நாளைக்கு ஓபியில் மயங்கி விழுவேனோ, இனி எப்போதும் வெளியே வராதோ. எல்லாம் படித்த எனக்கே இத்தனை பயம். அந்த அம்மாவுக்கு என்ன பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

தோழிக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: "வாந்தி இருக்கா? காத்து பிரியுதா? வலி விட்டு விட்டு வருதா, தாங்க முடியாம இருக்கா?" வாந்தி இல்லை, காற்று பிரிகிறது, வலி தாங்கும் அளவுதான் என்றேன். "அப்போ தூங்குடி. ரொம்ப மோசமானா டெஸ்டை நிறுத்திக்கலாம், ஒண்ணும் குடி முழுகாது." டப்பாவை உள்ளே வைத்தேன்.

சனிக்கிழமை எக்ஸ்ரே. 24-இல் 11 வளையம் மிச்சம். கிட்டத்தட்ட எல்லாமே கீழே குவிந்திருந்தன. அடுத்து செய்த அழுத்தப் பரிசோதனையில் உறுதியானது: முக்கும்போது தளர வேண்டிய தசையை நான் இறுக்குகிறேன். இத்தனை வருடம் அடக்கியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள் தோழி. இதற்கு நான்காவது மாத்திரை தீர்வு இல்லை. அந்தத் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சிதான் முதல் வைத்தியம். இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இந்த டெஸ்ட் எழுதியிருந்தால்:

நிலாவரைச் சூரணம், கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய் எல்லாமே பேதி மருந்துதான். "மாத்திரை போடலை டாக்டர், நாட்டு மருந்துதான்" என்றாலும் கணக்கு தப்பும். இசப்கோல் எடுக்கலாமா என்று முன்பே கேளுங்க.

இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில பிரஷர், மனநல மருந்துகளும் குடலை மெதுவாக்கும். நீங்களாக நிறுத்தாதீங்க. பட்டியல் எழுதிக் காட்டுங்க.

வழக்கமான சாப்பாடு, தண்ணீர், நடை. டாக்டர் வேறு ஏதும் சொல்லியிருந்தால் அதன்படி. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லுங்க.

தவறி மாத்திரை போட்டுவிட்டால் மறைக்காதீங்க. தப்பான ரிசல்ட்டைவிடத் திரும்ப எடுப்பது மேல்.

வாந்தி, காற்றுகூடப் பிரியாத வயிறு வீக்கம், தாங்க முடியாத வலி வந்தால் டெஸ்டை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, ரத்தசோகை, ஐம்பதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல் இருந்தால் இந்த டெஸ்டுக்கு முன்பே வேறு பரிசோதனைகள் தேவைப்படும். தள்ளிப்போடாதீங்க.

போன மாதம் அந்த அம்மா சுகருக்காக வந்தார். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் இந்தப் பிரச்சினை இருப்பதைச் சொன்னேன். "உங்களுக்குமா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி டெஸ்டுக்கு எழுதினேன். தாளின் பின்னால் என் நம்பரை எழுதி, "பயமா இருந்தா எந்நேரமும் கூப்பிடுங்கம்மா" என்றேன்.

புதன்கிழமை ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டார். வாந்தி இருக்கா, காற்று பிரியுதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு கத்தரிக்காய் விலை பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். இந்த முறை டெஸ்டை முடித்துவிட்டார்.