கடலில் பச்சை மரம் ஏது?

கடற்பயணம் என்றால் யாருக்குத்தான் ஆசை இராது! ஆனால் 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது எங்கள் உள்ளத்தில் மகிழ்ச்சி இல்லை. அந்தமானில் பணிபுரியும் எங்கள் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அம்மா முன்னரே விமானத்தில் சென்றுவிட்டார். அக்காள் தங்கையர் நாங்கள் இருவரும் பாட்டியுடன் புறப்பட்டோம். கரை மறைந்ததும் கைப்பேசியும் ஊமையாகிவிட்டது. அப்பா எப்படி இருக்கிறார் என்று அறிய வழியில்லை.

மே 6, விடியற்காலை மூன்றரை மணி. புழுக்கம் தாங்காமல் மேல்தளத்திற்கு வந்தோம். நிலவில்லாத வானில் விண்மீன்கள் கொட்டிக் கிடந்தன. திடீரெனக் கிழக்கிலிருந்து ஓர் ஒளி கிளம்பி எங்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்தது. கடல் ஒரு கணம் வெள்ளித் தகடாய் மின்னியது. ஓசையே இல்லை. ஒளி மறைந்த பின்னும் ஒரு வெண்கோடு சில நொடிகள் வானில் நின்றது.

“என்ன அழகு!” என்று கூவினோம். பாட்டியோ நடுங்கிப் போனார். “எரிநட்சத்திரம் விழுந்தால் ஆகாதடி! சீக்கிரம் பச்சை மரத்தைப் பாருங்கள்!” என்றார். நடுக்கடலில் மரத்துக்கு எங்கே போவது? எங்களில் இளையவளின் பச்சைப் பாவாடையைப் பிடித்து, விளக்கொளியில் அதையே உற்றுப் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணீரைக் கண்டதும் அது அடங்கிவிட்டது.

அங்கு நின்ற மாலுமி ஒருவர், “பெரியம்மா, இருபது வருடமாகக் கடலில் இருக்கிறேன். இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் கப்பல் கரை சேர்ந்துதான் இருக்கிறது” என்றார்.

போர்ட் பிளேர் துறையில் அம்மாவின் தோளைப் பற்றியபடி அப்பா நின்றார். (அவ்வூர் அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது.) இளைத்திருந்தார், ஆனாலும் சிரித்தார். பாட்டி ஒன்றும் பேசாமல் அவர் முகத்தைத் தடவினார்.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். ஹாலி வால்வெள்ளி பல நூற்றாண்டுகளாகச் சிந்திய தூசியினூடே நம் பூமி ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் செல்கிறதாம். அத்துகள்கள் நொடிக்கு ஏறக்குறைய 66 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்துவிடுமாம். “நீங்கள் கண்டதும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்” என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் பாட்டியின் முகம் மலர்ந்தது. 1986இல் மொட்டை மாடியில் அதே வால்வெள்ளியைத் தாத்தா அவருக்குக் காட்டினாராம். “நமக்குத் தெரிந்ததுதானா? வீணாகப் பயந்தேனே!” என்றார்.

ஹாலி மீண்டும் வருவது 2061இல். அன்று வீட்டுப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்வோம். பச்சை மரத்தைத் தேடச் சொல்ல மாட்டோம். பாட்டியின் கதையை மட்டும் மறவாமல் சொல்வோம்.