கச்சான் வீசினால் கிழக்கே, வாடை வீசினால் மேற்கே



சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தமானுக்குப் பிரயாணம் செய்தவர்கள் உங்களில் சிலர் இருக்கக்கூடும். ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தூரம். கடல் அமைதியாயிருந்தால் மூன்று நாட்களுக்குள் கரை தெரியும். எனக்கோ இரண்டாம் நாளே தலைசுற்றல் பிடித்துக்கொண்டது. ஆகவே திரும்பும்போது விமானத்தையே நாடினேன். நீங்கள் எவ்வழியாய்ச் சென்றாலும், 2024-ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படுகிற போர்ட் பிளேரில் ஒரு நாள் விடியற்காலையில் ஜங்க்ளிகாட் மீன் இறங்குதுறைக்குப் போய் நில்லுங்கள். தெலுங்கும் வங்காளமும் தமிழும் இந்தியும் ஒரே கூடையைச் சுற்றி ஏலம் கேட்பதைக் கேட்பீர்கள். நாம் சென்னையில் வஞ்சிரம் என்று வாங்குவதைத் தூத்துக்குடிக்காரர் சீலா என்பார்; கன்னியாகுமரிக்காரர் நெய்மீன் என்பார். மீன் ஒன்றுதான். விலையும், ஐயோ, ஏறக்குறைய ஒன்றுதான்!

அங்கே எனக்கு வழிகாட்டியவர் ஒரு முதிய சகோதரர். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து சிறுவனாய்த் தகப்பனோடு வந்து சேர்ந்தவர்; டீசல் இன்ஜின் பொருத்திய ஒரு சிறிய டிங்கிப் படகுக்குச் சொந்தக்காரர். "எந்த மாதத்தில் மீன் அதிகம் கிடைக்கும், ஐயா?" என்று கேட்டேன். "மாதத்தைக் கேட்காதீர்கள் பாஸ்டர், காற்றைக் கேளுங்கள்" என்றார்.

இந்தத் தீவுகளின் அமைப்பைச் சற்று மனதில் வரைந்துகொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு சங்கிலி. மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை இந்தியாவிலேயே முதன்முதலாக இங்கேதான் கால்வைக்கிறது. அப்போது கச்சான் காற்று மேற்குக் கரையை அடித்து நொறுக்கும். தீவு தானே ஒரு மதிலாய் நின்று கிழக்குக் கரையை ஓரளவு காக்கும். நவம்பரில் வாடையும் கொண்டலும் எழும்பினால் நிலைமை தலைகீழாகும். கிழக்குப் பக்கம் கொந்தளிக்க, மேற்கில் வண்டூர்ப் பக்கத்துக் கடல் சாதுவாகும். ஆகவே இங்குள்ள மீனவர் காற்றுக்கு ஏற்றபடி படகை நிறுத்தும் இடத்தையும் கடலுக்குப் போகும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளுகிறார்கள். இராமேஸ்வரத்தில் வடகடல், தென்கடல் என்று பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

மழையின் நடுவிலே பெரிய கடலுக்குப் போக இயலாத நாட்கள் பல உண்டு. அப்போது அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஓடும் கழிகள்தான் கைகொடுக்கும். கொடுவாவும் மடவையும் வீச்சு வலைக்கும் செவுள் வலைக்கும் அகப்படும். வளைகளில் பதுங்கியிருக்கும் பெரிய நண்டை நீண்ட இரும்புக் கொக்கியால் இழுத்தெடுப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறுவதும் வற்றுவதும் மிகுதி. வற்றம் தொடங்கும்போது கழியின் வாயில் வலை வைத்தவன் வெறுங்கையோடு திரும்புவது அரிது. ஆனால் ஒரு எச்சரிப்பு. இந்தக் கழிகளில் உப்புநீர் முதலைகள் வாழ்கின்றன. 2010-ஆம் ஆண்டில் ஹேவ்லாக் தீவின் கடற்கரையிலேயே ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. பிடித்த மீனை அங்கேயே அறுத்துக் குடலைத் தண்ணீரில் எறிவதும், முழங்கால் நீரில் நின்று கழுவுவதும் அதற்கு விருந்து வைத்து அழைப்பதற்குச் சமானம். உங்கள் பிள்ளைகளோடு செல்வீர்களானால், எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அவர்களைத் தண்ணீரில் இறங்கவிடாதிருங்கள்.

சிப்பிகாட் என்னும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இருபுறமும் நீர்ப்பரப்பு, நடுவே பட்டுப்போன மரங்கள். "இங்கே நெல் விளைந்தது" என்றார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதியின் பூகம்பத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல் உள்ளே வந்தது, பின்பு திரும்பிப் போகவில்லை. வடக்கிலோ நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் கிடந்து மடிந்தன. வயல் இழந்தவர்களில் சிலர் அந்த வயலின்மேலேயே வலை வீசக் கற்றுக்கொண்டார்கள். அவர் இதை வருத்தமாயும் சொல்லவில்லை, வேடிக்கையாயும் சொல்லவில்லை.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையில்தான் நல்ல காலம். காற்று தணிந்து, தூரத்துப் பாறைகளுக்கும் ஆழ்கடலுக்கும் போக வழி திறக்கும். ஆலாப் பறவைகள் கூட்டமாய் வட்டமிட்டு நீரில் பாயும் இடத்தில் சிறுமீன் திரண்டிருக்கும். அதன் கீழே சூரை இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே படகை ஓட்டாமல் ஓரமாய்ச் சுற்றிவந்து, ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச்செல்ல வேண்டும். வஞ்சிரத்தைத் தேடினால் தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டாயம். அதன் பல் நைலான் நரம்பை நொடியில் அறுத்துவிடும். சூரையைப் பிடித்தவுடன் ஐஸில் புதைக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் நச்சு, சமைத்தாலும் நீங்காது. இதே மாதங்களில் வெளிநாட்டார் பெரும் பணம் செலவழித்து வந்து, மிதக்கும் போலி இரையை நீர்மேல் தடால் தடாலென்று இழுத்து ராட்சதப் பாறை மீனைச் சீண்டிப் பிடித்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் கடலில் விட்டுவிடுகிறார்கள். முதலில் எனக்கு இது விசித்திரமாய்த் தோன்றிற்று. பிடித்ததை விடுவதற்கா இத்தனை தூரம்?

களவாவைக் குறித்து அந்தச் சகோதரர் விளக்கியபோதுதான் என் நகைப்பு அடங்கிற்று. களவா தன் பாறையை விட்டு அதிகமாய் அலைவதில்லை, மெதுவாய் வளருகிறது. பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாய் முதிர்ந்து, வளர்ந்தபின் ஆணாய் மாறுகிறவை. ஆகவே பெரியவற்றையே தேடிப் பிடித்தால் அந்தப் பாறையில் ஆணே மிஞ்சாது. முட்டையிடும் நாட்களிலோ பல இனங்கள் ஒரே இடத்தில் திரளும். இடமும் நாளும் அறிந்தவன் சில நாட்களில் அந்தப் பாறையை வெறுமையாக்கிவிடலாம். ஆழத்திலிருந்து வேகமாய் இழுத்தால் அதன் காற்றுப்பை விரிந்து இரைப்பை வாய்க்கு வெளியே தள்ளிவிடும். பாறை மீனைப்போல இதை எளிதாய் விட்டுவிடவும் முடியாது. பெரிய ஹோட்டல்களும் ஏற்றுமதிக்காரரும் களவாவுக்கு நல்ல விலை கொடுக்கையில், யார் பொறுத்திருப்பார்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையோடு அந்தமானையும் சேர்த்து விதிக்கப்படும் தடைக்காலத்தை நீங்கள் அறிவீர்கள். அதுவன்றி, வண்டூரை அடுத்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும் ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவிலும் எக்காலத்திலும் மீன்பிடித்தல் கூடாது. பழங்குடியினரின் நீர்ப்பரப்பும் அவ்வாறே. 2006-ஆம் ஆண்டில் வட சென்டினல் தீவின் அருகே சட்டத்தை மீறி மீன்பிடித்த இருவர், உறங்குகையில் படகு கரையருகே இழுத்துச்செல்லப்பட்டு, தீவினரால் கொல்லப்பட்டார்கள். நிக்கோபாருக்கு அனுமதியின்றிச் செல்ல இயலாது. அங்கே ஒருபுறம் மிதவைக் கட்டை கட்டிய ஹோடி என்னும் ஓடத்தில் சென்று மீன்பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

கடைசி நாளில் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். கடல் கண்ணாடியாயிருந்தது. ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்தி, கரையைத் திரும்பிப் பார்த்தார். ஜி.பி.எஸ். கருவி வருமுன்னே நம் மீனவர் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்தியே கடலுக்கடியிலுள்ள பாரைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். "இங்கே பக்கத்தில் ஒரு பார் இருக்கிறது, பாஸ்டர். களவா கூடுகிற இடம். வருஷத்தில் இரண்டு மாதம் நான் அங்கே தூண்டில் போடுவதில்லை. கருவியிலும் குறித்து வைக்கவில்லை. குறித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்."

"உங்கள் மகனுக்குத் தெரியுமா?"

மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், வேளச்சேரியில் வாடகை வீடு. சனிக்கிழமைதோறும் போன் செய்து, அம்மாவின் மருந்தைக் குறித்தும் மீன் விலையைக் குறித்தும் விசாரிப்பான். பாரைக் குறித்து இதுவரை கேட்டதில்லை.

"அதோ அந்த மலையின் உச்சியும், கீழே தனியாய் நிற்கிற அந்த மரமும் ஒரு கோட்டில் வரும்போது…" என்று கை நீட்டியவர், பாதியில் நிறுத்திச் சிரித்தார். "மீதியை அவன் வந்து கேட்கட்டும்" என்று சொல்லி இன்ஜினைக் கிளப்பினார்.