இரண்டு மார்க்கு

உபாத்தியாயர்களுக்கு ஒரு பொல்லாத வியாதி உண்டு. விடைத்தாளைத் திருத்தும்போது, பையன் என்ன எழுதியிருக்கிறான் என்று நாங்கள் பார்ப்பதில்லை. புஸ்தகத்தில் உள்ளதை எழுதியிருக்கிறானா என்றுதான் பார்ப்போம். இருபது வருஷமாக எனக்கிருந்த அந்த வியாதிக்கு வைத்தியம் நடந்தது சுவாமிமலையில்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில், "வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் ஒன்றைக் கூறி, அதன் பயனை எழுதுக" என்று இரண்டு மார்க்குக்கு ஒரு கேள்வி. மரம், வாணலியின் கைப்பிடி என்பது நான் எதிர்பார்த்த விடை. எல்லாரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பையன் மட்டும், "வண்டல் மண். உள்ளே ஊற்றிய உலோகம் சட்டென்று ஆறாமல் காக்கும். ஆனால் ஊற்றுவதற்கு முன் மண்ணையும் சுட வேண்டும்" என்று எழுதியிருந்தான். வெப்பத்தை எளிதில் வாங்காத மண்ணை முன்கூட்டியே சுடுவானேன்? முன்னுக்குப் பின் முரண் என்று தீர்மானித்து, சிவப்பு மையால் பூஜ்யம் போட்டேன். பையனுக்கு மொத்தம் 33 மார்க்கு. தேறுவதற்கு 35 வேண்டும்.

மறுவாரம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. "படிப்பு ஏறவில்லை, பட்டறையிலேயே உட்காரட்டும்" என்று தகப்பனார் சொல்லிவிட்டாராம். எனக்கு மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய பட்டறைக்குப் போனேன்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்த அதே முறையில் இன்றும் விக்கிரகம் வார்க்கும் ஊர் சுவாமிமலை. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டலைக் கருக்கிய உமியோடு அரைத்து மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். பிறகு மணல் கலந்த மண்ணை அப்பி, கம்பி கட்டி, உலர்த்துகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். உருவத்தின் வடிவம் மட்டும் மண்ணுக்குள் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

நான் போனபோது வறட்டி நெருப்பில் அச்சு காய்ந்துகொண்டிருந்தது. "வாருங்கள் ஸார், கொஞ்சம் எட்டி நில்லுங்கள்" என்றார் ஸ்தபதியார். என் சந்தேகத்தைக் கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார்.

"மண் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், ஸார். ஆனாலும் ஆறிக் கிடக்கும் மண் அதிகமாக வாங்கிவிடும். விரல் நுனிக்குப் போகிற உலோகம் கொஞ்சந்தானே? போய்ச் சேருவதற்குள் உறைந்துவிடும்" என்றான் பையன்.

"முகம் இருக்கும், அபய ஹஸ்தத்தில் விரல் இராது" என்று முடித்தார் தகப்பனார். "மண்ணில் ஈரம் மிஞ்சியிருந்தாலும் ஆபத்து. ஆவியாகி உலோகத்தை வெளியே தூக்கி எறிந்துவிடும்."

நான் வாயடைத்து நின்றேன். உஷ்ணம் பாயும் வேகம் பொருளின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. இரு பக்கத்துச் சூட்டின் வித்தியாசத்தையும் பொறுத்தது. பிரெஞ்சுக் கணித மேதை பூரியே 1822-ல் தம் நூலில் கணக்காக வகுத்துக் கொடுத்த விஷயம் இது. காலேஜில் அந்தக் கணக்கைப் போட்டு நான் பட்டம் வாங்கியிருக்கிறேன். பையனோ ஒரு விரல் நுனியில் அதைக் கண்டிருக்கிறான்!

மெழுகுக்கும் இந்தச் சாஸ்திரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1789-ல் டச்சு வைத்தியர் இங்கன்ஹௌஸ் பல உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, ஒரு முனையைச் சூடாக்கி, எதில் மெழுகு அதிக தூரம் உருகுகிறது என்று பார்த்தே உலோகங்களை ஒப்பிட்டார். இன்றைய அளவுப்படி செம்பு, எவர்சில்வரைப்போல் சுமார் 25 மடங்கு உஷ்ணத்தைக் கடத்தும். செங்கல்லைப்போல் பல நூறு மடங்கு. உலோகத்துக்குள் தங்கு தடையின்றி ஓடித் திரியும் எலெக்ட்ரான்களே இதற்குக் காரணம். மண்ணில் அவை அப்படி ஓடுவதில்லை. நுண்துளைகளில் அடைபட்ட காற்றும் உஷ்ணத்தை எளிதில் விடுவதில்லை.

நம் வீட்டு ஈயச் சொம்பையே பாருங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்பின் ஜ்வாலையோ அதைவிடப் பன்மடங்கு சூடு. ஆனாலும் ரசம் இருக்கும் வரையில் சொம்புக்கு ஆபத்தில்லை. வாங்கிய சூட்டை அது உடனுக்குடன் ரசத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ரசமோ 100 டிகிரியை ஒட்டிக் கொதித்து ஆவியாகி அதைப் போக்கிவிடுகிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால், கொடுக்க இடமில்லாமல் தானே உருகிப்போகிறது. எங்கள் வீட்டில் ஒரு சொம்பு அப்படித்தான் போயிற்று. அன்றைக்கு வீட்டில் எல்லாரையும் கோபித்துக் கொண்டேனேயொழிய, காரணத்தை ஒருவருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

உலோகத்தை ஊற்றி முடித்த பிறகு, பையில் கொண்டுபோயிருந்த விடைத்தாளை எடுத்தேன். பூஜ்யத்தை அடித்து, இரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். 33 என்பது 35 ஆயிற்று.

"இது தயவு அல்ல, ஸ்தபதியாரே. தப்பு என்னுடையது. பையன் எழுதியதுதான் சரி" என்றேன்.

அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பட்டறை எங்கே ஓடிப்போகிறது? பள்ளிக்கூடம் விட்டதும் சாயங்காலம் வரட்டும்" என்றார்.

பிள்ளை தகப்பனுக்கு உபதேசம் செய்த ஸ்தலம் என்று சுவாமிமலையைச் சொல்லுவார்கள். உபாத்தியாயருக்கும் அங்கே உபதேசம் கிடைக்கும் என்பதை நான் கண்டேன். திங்கட்கிழமை காலையில் பையன் வகுப்புக்கு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தான். வாணலிக் கைப்பிடி என்று எழுதியவர்களின் மார்க்கை நான் குறைக்கவில்லை.