மார்கழிக் குளிரில் மலையேறினோம்

மலைவாசம் என்றால் சித்திரை வைகாசியில்தான் என்று நம்மவர் மனத்தில் ஊறிப் போயிருக்கிறது. அது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பாடம். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரியின் மேலேறிச் சென்றார். சில வருஷங்களுக்குள் உதகமண்டலத்தில் கல்வீடு எழும்பியது. பிறகு ஏரி வந்தது, தோட்டம் வந்தது. நாளடைவில் சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடைக்கு அங்கே குடியேறும் வழக்கம் ஏற்பட்டது. கீழேயுள்ள வெயிலுக்குப் பயந்து ஓடியவர்கள் உண்டாக்கின ஊர். ஆனால் அவர்களுக்கு எத்தனையோ தலைமுறை முந்தியே அம்மலையில் தோடரும், கோத்தரும், படகரும், குறும்பரும் மார்கழி, தை மாதங்களையும் அங்கேயேதான் கழித்து வந்தார்கள். ஆகவே, "குளிர்காலத்தில் மனுஷர் போகிற இடமா அது?" என்று என் மாமியார் கேட்டபோது, "அங்கே மனுஷர் இருக்கிறார்களே, அத்தை!" என்றுதான் எனக்குப் பதில் சொல்லத் தோன்றியது.

எங்களுக்கு வேறு காலமும் வாய்க்காது. நான் ரசாயனம் போதிக்கும் ஆசிரியை. கோடை விடுமுறையில் பாதி, பரீட்சைத் தாள்களைத் திருத்துவதிலேயே போய்விடும். மிச்ச நாட்களில் உதகைக்குப் போகலாமென்றால் கூட்டம் சொல்லி முடியாது. 2024-ஆம் வருஷம் மே மாதம் முதல், ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி, வாகனங்களுக்கு முன்கூட்டியே அநுமதிச் சீட்டு வாங்க வேண்டுமென்று ஏற்பட்டதே, அதிலிருந்து அந்தக் கூட்டத்தை ஊகித்துக் கொள்ளலாம். அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கிளம்புவதென்று தீர்மானித்தோம்.

இதில் ஒரு விஷயந்தான் இடித்தது. எங்கள் சின்னவனுக்கு அப்போது ஒரு வயதும் பத்து மாதமும். மூத்தவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நாற்பதைத் தாண்டியபின் பிறந்த பிள்ளையாதலால், அவன் தும்மினால்கூட அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வீட்டில் நாலு பேர் உண்டு. அவர்களில் தலைவி எழுபத்திரண்டு வயதான என் மாமியார். போகக் கூடாதென்று ஒரு வாரம் வாதாடினார். பலிக்கவில்லை என்று தெரிந்ததும், "நானும் வருகிறேன். குழந்தைக்குக் காவல் வேண்டாமா?" என்று சொல்லித் தம்முடைய சுக்கு, ஓமம், கம்பளித் தொப்பி முதலியவற்றுடன் புறப்பட்டுவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் கிளம்புகிறது. 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டர் ஏறிச் செல்ல ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பமாகிறது. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. செங்குத்தான இடத்தில் 12 அடி போவதற்குள் 1 அடி உயர்ந்துவிடுகிறது. எஞ்சின் முன்னாலிருந்து இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. சின்னவன் இதைத்தான் ஒப்புக்கொள்ள மறுத்தான். எங்களெல்லோருக்கும் எதிர்ப்புறமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வண்டி பின்னோக்கிப் போவதாகவே வைத்துக்கொண்டு பிரயாணம் செய்தான். முதல் குகைக்குள் நுழைந்ததும் வீறிட்டான். மூன்றாவதில் மற்றப் பிரயாணிகள் கூச்சலிடுவதைக் கேட்டுத் தானும் கூச்சலிட்டான். பதினாறு குகைகளும் தீர்ந்து போன பின்பு, இன்னொன்று வேண்டுமென்று அழுதான். அருவி, பள்ளத்தாக்கு, யூக்கலிப்டஸ் தோப்பு ஒன்றையும் அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

உதகையிலும் அப்படியேதான். 1848-ல் ஆரம்பித்த தாவரத் தோட்டத்தில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவந்த மரங்கள் இருக்கின்றன. அவன் பார்த்ததோ ஒரு நாய்க்குட்டியும், வாய்க்காலின் மேலிருந்த இரும்புச் சல்லடையும். 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சியில் நல்ல தூக்கம் தூங்கினான். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மலை என்பது தன் முழங்காலுக்குக் கீழே இருக்கும் பிரதேசந்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு, நான்கு இடம் பார்ப்பதென்றிருந்த திட்டத்தை ஒன்றாகக் குறைத்தோம். மூத்தவளுக்கு முகம் சுருங்கியது. அவளை அவள் தகப்பனாருடன் அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் ஒரு புல்வெளியில் உட்கார்ந்திருந்தோம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் குளிர் நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்குகிறவருக்கு உடம்பு சூடேறி வேர்த்துவிடுகிறது, "குளிரே இல்லையே!" என்று அவர் நினைக்கிறார். இடுப்பிலிருக்கும் குழந்தையோ அசையாமல் உட்கார்ந்தபடி உஷ்ணத்தை இழந்துகொண்டேயிருக்கும். உடம்பின் கனத்துக்கு ஒப்பிட்டால் சிறு குழந்தைக்குத் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். ஆகையால் சீக்கிரம் குளிர்ந்து போகும். கையும் காலும் ஜில்லென்றிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பார்க்க வேண்டும். இதை நான் விளக்க ஆரம்பித்தபோது மாமியார் ஏற்கெனவே அவன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் கற்பித்ததல்ல.

சமையலறையில் மட்டும் மலை அவரை ஏமாற்றிவிட்டது. தங்கின விடுதியில் ஒரு சிறு அடுப்பு இருந்தது. குழந்தைக்குக் கஞ்சி வைக்கத் திறந்த பாத்திரத்தில் அரிசியைப் போட்டார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகவில்லை. "அரிசி கெட்டது" என்றார். அரிசியில் குற்றமில்லை, சுமார் 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றேன். "கொதிக்கிற தண்ணீரிலும் இரண்டு ஜாதியா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அரிசியை முன்னதாகவே ஊறவைத்தார்.

அன்றிரவுதான் நான் சொல்ல வந்த சங்கதி நடந்தது.

ஒன்பது மணிக்கு வானம் துல்லியமாக இருந்தது. குளிர் எலும்பில் இறங்கியது. குழந்தை இரண்டு தரம் இருமினான். விடுதிக் காவல்காரர் கதவைத் தட்டினார். வெள்ளைப் போர்வை போர்த்த வயோதிகர். இரண்டு கைகளாலும் ஒரு கணப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். உள்ளே மரக்கரி செக்கச்செவேலென்று கனிந்திருந்தது. "பச்சைக் குழந்தை இருக்கிறதே, அம்மா! உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். புகையே வராது" என்றார். அந்த நெருப்பைக் கண்டதும் என் மாமியாரின் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. எனக்கும் அதன் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்ள வேண்டும்போலத்தான் இருந்தது.

"அறைக்குள் வேண்டாம்" என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். "கணப்புப் போடாமல் எந்தப் பிள்ளையை வளர்த்தோம்? உன் புருஷன் பிறந்த அறையில் பத்து நாள் நெருப்பு அணையவில்லை" என்றார். என் கணவர் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

பத்து நாள் அணையாத நெருப்பு மெய்தான். ஆனால் அந்த வீட்டுக்கு ஓட்டுக் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே காக்கை நுழையும்படி இடைவெளி. இந்த அறை சிமெண்டும் கண்ணாடியுமாகக் கட்டியது. போதாக்குறைக்குக் கதவின் கீழ்ச் சந்தில் என் கணவர் பழைய காகிதத்தைத் திணித்து வைத்திருந்தார். அடைத்த இடத்தில் கரி எரியும்போது போதிய பிராணவாயு கிடைக்காமல் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். குழந்தைகள் நம்மைவிட வேகமாகச் சுவாசிப்பதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும். "புகையே வராது" என்று பெரியவர் சொன்னாரே, அதுதான் அபாயம்! புகை வந்தாலாவது இருமிக்கொண்டு எழுந்திருப்போம். குளிருக்கு அஞ்சிக் கரிச் சட்டியை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திராத செய்தி, மலையூர்களிலிருந்து வருவது புதிதல்ல.

இத்தனையும் வகுப்பில் வருஷந்தோறும் சொல்லுகிறவள்தான் நான். அந்த வாசற்படியில் நின்று, குழந்தை நடுங்குகிறான் என்று கண் கலங்கும் ஒரு கிழவியிடம் சொல்லுவது வேறாயிருந்தது. சொன்னேன். "உன் புஸ்தகம் குழந்தைக்குச் சூடு தருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நெருப்பு வேண்டாமென்றால் சூட்டுக்கு வேறு வழி சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

என் உதவிக்கு வந்தவர் காவல்காரர்தான். "அம்மா சொல்லுகிறது சரி. எங்கள் வீட்டிலும் படுக்கும்போது சட்டியை வெளியே வைத்துவிடுவோம். கீழேயிருந்து வருகிறவர்கள் உள்ளே கேட்டுக் கேட்டு வாங்கிப் பழக்கமாகிவிட்டது" என்று சொல்லி, சட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தார். மாமியார் பேசாமல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் எதிரே, கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்தார். இரு முதியவர்களும் மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் நான் இரண்டு புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றிப் படுக்கையில் வைத்தேன். படுக்கை சூடானதும் புட்டிகளை எடுத்துவிட்டுக் குழந்தையைக் கிடத்தினேன். கதவுச் சந்திலிருந்த காகிதத்தையும் பிடுங்கியெறிந்தேன். மாமியார் என்னோடு பேசவில்லை. குழந்தைக்கு மறுபுறம் படுத்துக்கொண்டார்.

நள்ளிரவுக்கு மேல் விழித்துக்கொண்டு, இருட்டில் அவன் பிடரியைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. "வேர்த்திருக்கிறது. ஒரு சட்டையைக் கழற்றட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். இருவருமாகக் கழற்றினோம்.

விடிந்ததும் தாழ்ந்த புல்வெளிக்குப் போனோம். புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடந்தது. மேகமில்லாத இரவில் பூமியின் சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளிலிருந்து பள்ளத்தில் வந்து தேங்குகிறது. அதனால்தான் மேட்டிலிருந்த எங்கள் விடுதி வாசலில் இல்லாத உறைபனி அங்கே இருந்தது. படம் பிடிக்க வந்தவர்கள் குதூகலித்தார்கள். தேயிலை பயிரிடுகிறவனுக்கு அது குதூகலமல்ல, கொழுந்து கருகிவிடும். வழியில் ஒரு தோட்டத்தில் இளஞ்செடிகளைக் காய்ந்த தழையால் மூடி வைத்திருந்ததைக் கண்டோம்.

சின்னவன் கையுறையைப் பிடுங்கிவிட்டுப் பனியைத் தொட்டான். விரலில் ஒன்றுமில்லை, ஈரந்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், மறுபடியும் தொட்டான். பிறகு வாயைத் திறந்து ஏதோ கத்தினான். வாயிலிருந்து ஆவி வந்தது. அவன் அறிந்த ஆவியெல்லாம் பாட்டியின் இட்லிப் பானையிலிருந்து வருவதுதான். "இத்தி! இத்தி!" என்று கூவினான். மாமியார் முந்தானையை விரித்து அவன் கைகளைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பயணத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

இறங்கும்போது காது வலியில் சற்றே அழுதான். ஏறும்போது காதுக்குள்ளிருக்கும் காற்று எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். குழந்தைகளுக்கு அந்த வழி குறுகல். பாலைச் சப்பிக் குடித்தால் திறந்து கொள்ளும். ஹில்குரோவ் தாண்டுவதற்குள் அவன் குடித்துவிட்டுத் தூங்கிப் போனான். குகைகள் ஒவ்வொன்றாக அவனுக்குத் தெரியாமலே கழிந்தன.

திருச்சிக்கு வந்து ஒரு வாரம் வரையில், காலையில் எழுந்ததும் சமையலறை வாசலில் நின்று வாயைத் திறந்து ஊதிப் பார்ப்பான். ஒன்றும் வராது. பாட்டியின் முகத்தைப் பார்ப்பான். "அது மலையிலே இருக்கிறது" என்று அவர் சொல்லுவார். மறுநாளும் ஊதுவான்.