ஒரு புள்ளியின் அமானிதம்





சிவகாசிப் பகுதியில் வாழும் ஒருவர், காகிதம் வெட்டுவதற்கென்றே வீட்டில் ஓர் இயந்திரம் வைத்திருப்பதாகச் சொன்னால் கேட்பவர் சிரிக்கக்கூடும். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் இங்கே அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. பின்னர் பட்டாசுப் பெட்டிகளும் நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் இங்கிருந்தே நாடெங்கும் செல்லலாயின. காகிதத்தை அச்சிடுவதும் மடிப்பதும் வெட்டுவதும் இவ்வூர் மக்களின் கைப்பழக்கம்.

ஆயினும் நம் மக்தபுக்கு அப்படியோர் இயந்திரம் வந்து சேர்ந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்ததை, பயன்படுத்தத் தெரியாமல் நம்மிடம் கொடுத்துவிட்டனர். தையல் இயந்திரத்தின் அளவே இருக்கும். கணினியில் வரைந்த கோட்டின்மீது, பேனா முனை போன்ற சிறு கத்தி ஒன்று ஓடித் தாளை வெட்டும். ஆண்டு விழாவுக்குச் சுவரில் ஒரு துஆவை எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டலாம் என்று முடிவு செய்தோம். தாஹா அத்தியாயத்தின் 114ஆம் வசனத்தில் அல்லாஹ் கற்றுத்தந்த, கல்வியை அதிகமாக்கக் கேட்கும் அந்தச் சிறிய துஆவைத் தேர்ந்தோம். பிள்ளைகள் நாள்தோறும் பாடம் தொடங்கும்போது ஓதுவதும் அதுவே.

விழாவுக்கு முந்தைய இரவு, இஷாவுக்குப் பின்னர் வேலையைத் தொடங்கினோம். அவசரம் அவசரமாக வெள்ளை ஸ்டிக்கர் தாளில் வெட்டி, வேண்டாத பகுதியை உரித்தெடுத்து, பச்சைச் சுவரில் ஒட்டி முடித்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. மறுநாள் வந்திருந்த பெரியவர்கள் பாராட்டினர். நம் நஃப்ஸும் அதில் குளிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

விழா முடிந்து சில நாட்கள் சென்றன. எழுத்துக் கூட்டி ஓதுவதில் மிகவும் தாமதமான ஒரு சிறுவன் நம்மிடம் உண்டு. அவனால் பாடம் தடைப்படுகிறது என்று அவனைப் பின்வரிசைக்கு அனுப்பியிருந்தோம். ஒரு நாள் அஸருக்குப் பின், சுவரைப் பார்த்தபடியே அவன், "ஹஜ்ரத், அது ஸாய் இல்ல, ரா" என்றான். "ஒழுங்காகப் பார்த்து ஓது" என்று அதட்டினோம். அவன் பயந்தான், ஆனாலும், "புள்ளி இல்லையே ஹஜ்ரத்" என்றான்.

நிமிர்ந்து பார்த்தோம். புள்ளி இல்லை.

அரபி அறிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். அந்தத் துஆவின் நடுச்சொல் 'ஸித்னீ'. எனக்கு அதிகமாக்கு என்பது அதன் பொருள். ஸாயின் மேலுள்ள ஒற்றைப் புள்ளி போய்விட்டால், எஞ்சும் எழுத்துகளை 'ருத்தனீ' என்றும் ஓதலாம். என்னைத் திருப்பி அனுப்பிவிடு என்று பொருள்படும். கல்வி கேட்கும் சுவரில், கல்வியிலிருந்து திருப்பி அனுப்பச் சொல்லும் எழுத்து இத்தனை நாளும் இருந்திருக்கிறது. நாமும் பெரியவர்களும் நினைவிலிருந்து ஓதினோம். அந்தச் சிறுவன் ஒருவனே சுவரிலிருந்து ஓதினான்.

அன்றிரவே குப்பைக் கூடையைத் துழாவினோம். உரித்தெறிந்த தாளில் அந்தப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி மழுங்கியதால் அது முழுவதும் வெட்டுப்படாமல், உரிக்கும்போது கழிவோடு போயிருக்கிறது. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள நபிமொழி அப்போது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையை, அல்லாஹ் விதித்திருப்பதையும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் அதில் கற்றுத்தந்தார்கள். எத்தனையோ முறை அதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். நம் கையிலிருந்த கத்தியின் முனையை ஒருமுறையேனும் பார்த்தோமில்லை.

மறுநாள் சிவகாசியில், அட்டைப்பெட்டிகளுக்கு டை கட்டிங் செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்று விவரம் சொன்னோம். இயந்திரம் பழுதென்று நினைத்து, அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பதாகவும் சொன்னோம். அவர் சிரித்தார். "வெட்டலேன்னா உடனே அழுத்தத்தக் கூட்டாதீங்க பாய். கூட்டினா வெட்டுற இடம் கிழியும். எந்த இடத்துல வெட்டலேன்னு மொதல்ல பாருங்க. நாங்க அந்த இடத்துக்குப் பின்னாடி மட்டும் மெல்லிசுப் பேப்பர் ஒட்டுவோம்" என்றார். பலகையில் பதித்த எஃகுப் பட்டையில் ஆங்காங்கே சிறு வெட்டுவிட்டு வைத்திருப்பதையும் காட்டினார். அந்த இடங்களில் தாள் வெட்டுப்படாமல் இணைந்திருக்கும். அதனால் துண்டுகள் உதிராமல் முழுத்தாளாக வெளியே வரும்.

அவர் சொன்னதைக் கொண்டும், தவறித் தவறிக் கற்றதைக் கொண்டும், வீட்டில் இவ்வியந்திரம் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதலில், தாளின் மூலையில் ஒரு சிறு கட்டத்தை வெட்டிப் பாருங்கள். ஸ்டிக்கர் முழுவதும் அறுபட்டு, அடித்தாளில் இலேசான கோடு மட்டும் விழுந்தால் அதுவே சரியான ஆழம். அடித்தாளும் அறுபட்டால் கத்தி அதிகம் இறங்கியிருக்கிறது. கத்தி முனையில் சேரும் தூசியையும் பசையையும் அகற்றுங்கள். அப்போதும் வெட்டு சுத்தமாக இல்லையென்றால் கத்தியை மாற்றுங்கள். நுண்ணிய எழுத்துகளுக்கு வேகத்தைக் குறையுங்கள். காகிதம் வெட்டும்போது பசைப்பலகையிலிருந்து காகிதத்தை இழுக்காதீர்கள்; பலகையைக் கவிழ்த்து வைத்து, பலகையையே வளைத்து எடுங்கள். காகிதம் சுருளாது.

அரபி எழுத்துக்கெனத் தனிக் கவனம் தேவை. சில மென்பொருள்கள் எழுத்துகளைப் பிரித்து, இடமிருந்து வலமாக அடுக்கிவிடும். ஓதிப் பார்த்த பின்னரே வெட்டுங்கள். இணையும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களை ஒரே உருவமாக ஒன்றிணைக்காவிட்டால், கத்தி அந்த இணைப்பிலும் ஓடிச் சொல்லைத் துண்டாக்கும். வண்ணம் பூசுவதற்கான அச்சு வெட்டினால் மீம், வாவ் போன்றவற்றின் உள்வட்டம் உதிர்ந்துவிடும். முதியவர் காட்டியது போலச் சிறு இணைப்பு விடுங்கள். புள்ளி மிகச் சிறிதானால் அதை மட்டும் பெரிதாக்காமல் முழு வரியையும் பெரிதாக்குங்கள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் மறைந்த இப்னு முக்லாவின் பெயரால் வழங்கும் முறையில், எழுதுகோல் இடும் புள்ளியே மற்ற எழுத்துகளுக்கு அளவுகோல். புள்ளி மாறினால் விகிதமே குலையும்.

இறுதியாக, உரிப்பதற்கு முன் புள்ளிகளை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உரித்த பின் மீண்டும் எண்ணுங்கள்.

கழிவுத் தாளைக் குறித்தும் ஒரு சொல். எழுத்தை எடுத்த பின்னும் அதன் வடிவம் தாளில் வெற்றிடமாக நிற்கிறது. உஸ்மானிய ஆட்சிக் காலத்தில் காகிதத்தை வெட்டி எழுத்துகளை உருவாக்கும் கலைஞர்கள் இருந்தனர். புர்ஸா நகரத்து ஃபக்ரி அவர்களுள் பெயர்பெற்றவர். வெட்டியெடுத்த எழுத்தை ஒரு தாளில் ஒட்டுவதோடு, எழுத்தை இழந்து நின்ற தாளையும் வேறு நிறத்தின் மீது ஒட்டி இரண்டாம் படைப்பாக ஆக்குவது அக்கலையில் வழக்கம். நாமோ முதல்முறை அதைக் கூடையில் எறிந்தோம், அல்லாஹ் மன்னிப்பானாக. இறைவசனம் உள்ள துண்டுகளைத் தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்பதே ஒழுக்கம்.

மறுவாரம் புதிதாக வெட்டினோம். அந்தச் சிறுவனை முன்வரிசைக்கு அழைத்து, அருகில் அமர்த்திக்கொண்டோம். ஹரகத் இன்றியும், இறுதி யாவுக்குப் புள்ளி இடாமலும் அமைந்த வரி அது. தாளை உரித்து முடித்ததும் அவன் விரலால் தொட்டு எண்ணி, "மூணு இருக்கு ஹஜ்ரத்" என்றான். எழுத்து சுவரில் ஏறியது. எஞ்சிய தாளைப் பச்சை அட்டையில் ஒட்டி, அவன் அமரும் இடத்துக்கு நேரே மாட்டினோம்.

அவன் இன்றும் மெதுவாகத்தான் ஓதுகிறான். நாம் இப்போது அவனை அவசரப்படுத்துவதில்லை. அவனுக்கும் நமக்கும் அல்லாஹ் கல்வியை அதிகமாக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.