எழாத கணனியும் எழுந்த ஐயமும்

மனிதன் ஆக்கிய கருவிகளுள் கணனியைப் போல் விழித்தெழுவதற்கு அரும்பாடுபடுவது பிறிதொன்றில்லை எனலாம். ஆளியை அழுத்தியதும் விளக்கு எரிகின்றது. கணனியோ மின்சாரம் பெற்றதும் தன்னோடு இணைந்திருப்பவை எவை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. இச்செயலை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பர். தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற சொல்லின் குறுக்கமே அது.

கடையில் முழுதாக வாங்கிய கணனி எழாதுவிடின் விற்றவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலே பொருத்திய கணனிக்கோ அவ்வாறு பொறுப்பாளர் எவருமில்லை. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனின் வீட்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், ‘மதர்போட்’ எனப்படும் தாய்ப்பலகையை ஒரு கடையிலும், ‘புரொசெசர்’ எனப்படும் முறைவழியாக்கியை இன்னொரு கடையிலும், ஏனையவற்றை வேறொரு கடையிலும் அவன் வாங்கியிருந்தான். பலகை 2018இல் வெளிவந்த பி450 வகையினது. முறைவழியாக்கி 2019 யூலையில் வெளிவந்த றைசன் 3000 வரிசையினது. ஏஎம்4 என்னும் பொருத்துவாய் இரண்டுக்கும் பொதுவானது. ஆளியை அழுத்தியபோது விசிறிகள் சுழன்றன; திரை இருண்டே கிடந்தது.

மூன்று கடையினரும் தத்தம் பொருளில் குறையில்லை என்றனர். “பழைய போட்டைப் புதுப் பெட்டிக்குள்ள வச்சுத் தந்திட்டாங்கள். நாளைக்கே போய்க் கேள், தம்பி” என்றார் தந்தையார். “எது பிழையெண்டு முதல்ல பாப்பம், அப்பா” என்றான் மகன். பணம் பாழாயிற்றோ என்ற அச்சம் ஒருவர் மேல் பழியாகத் திரும்புவது மனித இயல்பே. ஆயின் சிறு வணிகர் ஒருவருக்குக் களவு என்னும் சொல் எளிதில் மறையாத வடு அன்றோ?

ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் எதனால் விளைவு மாறியது என்பது விளங்காது. ஆகவே அவன் ஒவ்வொரு முறையும் ஒன்றையே மாற்றினான். திரையின் வடம் தாய்ப்பலகையில் அன்றி வரைவியல் அட்டையில் செருகப்பட்டுள்ளதா, முறைவழியாக்கிக்கெனத் தனியே வரும் எட்டு ஊசி மின்னிணைப்பு முற்றாகப் பொருந்தியுள்ளதா என்று நோக்கினான். பின்னர் பலகையை உலோகக் கூட்டினின்றும் கழற்றி, அது வந்த மட்டைப் பெட்டியின் மேல் வைத்தான். உலோகம் எங்கேனும் பட்டு மின் குறுக்கிடுகிறதோ என்ற ஐயம் அதனால் நீங்கிற்று. மின்வழங்கியை மாற்றியும் பயன் கிட்டவில்லை. நினைவகத் தகடுகள் இரண்டையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தான். இறுதியில் இரண்டையும் அகற்றிவிட்டு, சிறு ஒலிபெருக்கி ஒன்றைப் பலகையில் இணைத்தான். முறைவழியாக்கி இயங்குமாயின், நினைவகம் இல்லையென்று கூவி முறையிடும். ஒலி எழவில்லை. முறையிடுவதற்கே அங்கு எதுவும் விழிக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

எஞ்சியவை பலகையும் முறைவழியாக்கியுமே. கணனியை எழுப்பும் முதற் கட்டளைகள் ‘பயோஸ்’ என்ற பெயரில் பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் எழுதப்பட்டிருக்கும். அதன் பதிப்பெண் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. பலகையை ஆக்கியோர் வெளியிட்ட அட்டவணையோடு அவன் அதனை ஒப்புநோக்கினான். புதிய முறைவழியாக்கியை அறியும் பதிப்பு அதற்குப் பிந்தியது. பலகை பெட்டியில் வைத்து மூடப்பட்ட காலத்தில் அம்முறைவழியாக்கி சந்தைக்கே வந்திருக்கவில்லை. பிறவாத பிள்ளையின் முகத்தை அது எங்ஙனம் அறியும்?

புதிய பதிப்பை எழுதினால் போதும். ஆயின் எழுதுவதற்குக் கணனி எழவேண்டும். எழுவதற்கு அப்பதிப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழி போலாயிற்று நிலைமை. முறைவழியாக்கி இல்லாமலே பயோஸை எழுதும் வசதி சில பலகைகளில் உண்டு, இதில் இல்லை. இத்தகைய இக்கட்டில் அகப்பட்டோருக்கு ஏஎம்டி நிறுவனமே பழைய முறைவழியாக்கிகளை இரவல் வழங்கியதுண்டு. அவனுக்கு நண்பன் ஒருவன் உதவினான். 2018இல் வெளிவந்த முறைவழியாக்கியை அவனிடம் இரவல் பெற்றுப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. பதிப்பை எழுதும் வேளையில் மின் தடைப்பட்டால் பலகையே பாழாகலாம். அச்சில நிமிடங்களில் தாயார் விசிறியைக்கூட நிறுத்திவிட்டு இருந்தார். பின்னர் புதிய முறைவழியாக்கியை மீண்டும் பொருத்தியபோது கணனி எழுந்தது.

எந்தப் பாகத்திலும் பழுதில்லை. விற்றோர் எவரும் பொய்யுரைக்கவுமில்லை. ஒன்றையொன்று அறியாத இரு நல்ல பொருள்களுக்கிடையே குறை கிடந்தது. குற்றவாளியைத் தேடிப் புறப்படுவோன் எவரையேனும் கண்டே தீருவான். காரணத்தைத் தேடுவோனுக்கோ, குற்றவாளி எவருமில்லை என்ற முடிவும் கிட்டக்கூடும்.

மறுவாரம் தந்தையாரும் மகனும் பலகை வாங்கிய கடைக்குச் சென்றனர். வேண்டிய பதிப்பெண்ணை எழுதிய துண்டு ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்து, எஞ்சிய பலகைகளை விற்கும்போது வாங்குவோருக்கு அதனைச் சொல்லுமாறு கேட்டுத் திரும்பினர்.